இரண்டு தலைப்பாகைகளும் ஒரு மினி காரும்

2011ஆம் ஆண்டு, தை மாதக் கடைசி. மெல்பேர்ணில் என் தம்பிக்குக் கலியாணம். வீடு கிளேட்டனில், மண்டபம் ஸ்பிரிங்வேலுக்குக் கொஞ்சம் அப்பால். நல்ல நாளில் காரில் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத் தூரத்தைக் கடக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வரும்.

முதலில் என் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பச்சை உடம்பும் வெள்ளைக் கூரையும் உள்ள பழைய மினி. இப்போது வீதியில் ஓடுகிற கொழுத்த மினி இல்லை, அசல் மினி. இங்கிலாந்தில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் நாலு பேர் போகவேண்டும் என்று யோசித்துச் செய்தார்களாம். இடத்தை மிச்சம் பிடிக்க எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. இன்றைக்கு ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அதே குறுக்கு எஞ்சின்தான். என்னுடையது எழுபதுகளில் சிட்னியில் செய்தது. அடுத்த தெருவில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போனபோது, 2009இல் அவரிடமிருந்து வாங்கினேன். சாவியைத் தரும்போது அவர் கண் கலங்கினார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

ஓட்டத் தொடங்கிய பிறகு விளங்கியது. காலையில் சோக் கம்பியை இழுத்து, கொஞ்சம் கெஞ்சி, கொஞ்சம் திட்டித்தான் அதைக் கிளப்ப வேண்டும். ஆனால் கிளம்பிவிட்டால் அது தரும் சந்தோஷமே தனி. வீதியில் எதிரே இன்னொரு பழைய மினி வந்தால் அதை ஓட்டுபவர் கட்டாயம் கைகாட்டுவார். நான் இந்த நாட்டுக்கு வந்து அதுவரை முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கைகாட்டியதே இல்லை. முதல் தடவை அப்படி நடந்த அன்று வேலைக்குப் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

இந்தக் காருக்கு ஒரே ஒரு வியாதி, மழை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டர், எஞ்சின் குறுக்காகத் திரும்பியதால், முன்பக்கக் கம்பித் தட்டிக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. தண்ணீர் அடித்தால் அது நனையும், கார் நிற்கும். அதற்கு மினிக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து, பாத்திரம் கழுவுகிற றப்பர் கையுறை. அதை டிஸ்ரிபியூட்டரின் தலையில் மாட்டி, ஐந்து விரல் நுனியையும் வெட்டி, ஐந்து வயரையும் ஆளுக்கொரு விரலால் வெளியே எடுத்துவிட வேண்டும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அச்சாகப் பொருந்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மினிக்காரர்கள் கூடுகிற இடத்துக்குப் போய் அதைக் கற்றுக்கொண்டு வந்தேன். என் கணவர் மட்டும் குசினியில் கையுறை காணாமல் போகும் போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன். சிட்னியில் இருந்து சித்தப்பா வந்திருந்தார். அப்பா போன பிறகு எங்களைத் தாங்கியவர், அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் ஆடம்பரம் என்றால் உயிர். பெறாமகனான என் தம்பி லிமோசினில்தான் போய் இறங்க வேண்டும் என்று ரயில் பெட்டி நீளத்துக்கு வெள்ளைக் கார் ஒன்றை ஒழுங்கு செய்துவிட்டார். என் மினியைக் கண்டதும் அவர் முகத்தைச் சுளித்தார்.

“பிள்ளை, குறை நினையாதை. இந்தத் தகரப் பேணியை மண்டப வாசலிலை விட்டிடாதை. வீடியோவிலை விழுந்தால் சனம் என்ன சொல்லும்?”

எனக்குச் சுருக்கென்றது. கலியாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று மினியை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் விட்டேன்.

இரவு முழுக்க மழை. விடிந்தும் விடவில்லை. சித்தப்பா என் கணவர் உட்படச் சொந்தக்காரர் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டார், லிமோசின் கடைசியாக வந்தால்தானே எடுப்பு! அதில் மாப்பிள்ளையான தம்பி, தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டோடு அம்மா, சித்தப்பா, பிறகு மாப்பிள்ளைத் தோழன். எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பிதான் தோழன். மாப்பிள்ளையைப் போலவே அவருக்கும் பட்டுத் தலைப்பா உண்டு. இந்தத் தோழன் ஆறடி உயரம், தலைப்பாவோடு இன்னும் கூட. நான் வீட்டைப் பூட்டிவிட்டு அவசரப்படாமல் ஆறுதலாகப் பின்னால் வரலாம் என்பது உத்தரவு.

பாதி வழியில் பெரிய வீதியில் வெள்ளம். பொலிஸ் மறித்து எல்லோரையும் பக்கத்துத் தெருக்களுக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. நானும் திரும்பினேன். இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக்கை மிதித்தேன். தெருவுக்குக் குறுக்கே லிமோசின் நிற்கிறது!

சாரதி ஒடுக்கமான தெருவில் வண்டியைத் திருப்பப் பார்த்திருக்கிறார். மூக்கு ஒரு வீட்டு வாசலில், வால் எதிர்ப்பக்கப் புல்லில், வயிறு நடுவில் தட்டிப்போய், பின் சில்லுகள் சேற்றில் சும்மா சுற்றுகின்றன. முன்னே போன சொந்தக்காரர்களைக் கூப்பிட்டாலும், வெள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அவர்கள் வந்து சேர நேரம் போதாது. டாக்சிக்கு ரெலிபோன் அடித்தால் ஒருவரும் எடுக்கவில்லை. முகூர்த்தம் முடிய முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஐயருக்கு அதற்குப் பிறகு நகரத்தின் மறுகோடியில், ட்ருகனினாவில் இன்னொரு கலியாணம். பெண்ணின் அப்பா அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து விசிட்டர் விசாவில் வந்தவர்கள், அடுத்த கிழமையே ஊருக்குப் போய்விடுவார்கள். இந்த முகூர்த்தம் தவறினால் மகளின் கழுத்தில் தாலி ஏறுவதை அவர்கள் பார்க்கப் போவதில்லை. அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

சித்தப்பா குடையோடு என் கார்க் கண்ணாடிப் பக்கம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“பிள்ளை... மூண்டு பேரை இதிலை ஏத்தேலுமோ?”

“ஏத்தேலும் சித்தப்பா. நாலு பேருக்கெண்டுதான் இதைச் செய்தவங்கள்.”

தோழனும் அம்மாவும் பின்னால். தோழன் முழங்காலை மடித்ததில் அது அவருடைய முகவாயைத் தொட்டது. தம்பி முன்னால் ஏறப் பார்த்தால் தலைப்பா கூரையில் இடித்தது.

“அம்மா, தலைப்பாவைக் கழட்டட்டோ?”

அவ்வளவு அழுகையிலும் அம்மா விடவில்லை. “கட்டின தலைப்பாவைத் தாலி கட்டமுன்னம் கழட்டுறதோ? குனிஞ்சுகொண்டு இரு!”

தம்பி குனிந்தான். மாப்பிள்ளை என் காரின் டாஷ்போர்டைக் கும்பிட்டபடி கலியாணத்துக்குப் புறப்பட்டார்.

மற்றத் தெருக்களிலும் தண்ணீர் ஏறிவிட்டது. லிமோசினின் மூக்குக்கும் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டிக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது. ஆனால் அந்த வீட்டு முற்றம் நிறைய வெள்ளைப் பெட்டிகளில் கீரையும் புதினாவும் வளர்ந்து நின்றன. சத்தம் கேட்டு ஒரு வியட்நாமிய அம்மா குடையோடு வெளியே வந்தார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. நான் காரைக் காட்டினேன், தம்பியின் தலைப்பாவைக் காட்டினேன், என் கழுத்துத் தாலியை எடுத்துக் காட்டினேன். அவர் “ஆ! வெடிங்!” என்று குடையை எறிந்துவிட்டுத் தன் கையாலேயே பெட்டிகளை இழுக்கத் தொடங்கினார். சித்தப்பாவும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட இழுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காரை விட்டேன். இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட இல்லை. வேறு எந்தக் காராலும் அந்த இடைவெளியால் போயிருக்க முடியாது. சில்லுக்குள் ஒரு பெட்டி அகப்பட்டு, கார் முழுக்கப் புதினா மணத்தது.

அந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்று கத்தக்கூட நேரம் கிடைக்கவில்லை. தெரு முனையில் தேங்கியிருந்த தண்ணீர் கம்பித் தட்டிக்குள்ளால் அடித்தது. கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

“அக்கா, உண்மையைச் சொல்லு, இது போகுமோ?” தம்பி டாஷ்போர்டைப் பார்த்தே கேட்டான்.

“போகும். நீ குனிஞ்சபடி இரு.”

சொல்லிவிட்டு இறங்கினேன். பொனற் மூடியைத் திறந்தால், இங்கே தையில் அடிக்கிற கோடை வெயிலில் உக்கிப்போன கையுறை நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். வியட்நாமிய அம்மா இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் கிழிந்த கையுறையை உயர்த்திக் காட்டினேன். அவர் விழித்தார். நான் பாத்திரம் கழுவுவதுபோல் நடித்துக் காட்டினேன். உடனே உள்ளே ஓடியவர் ரோசாப்பூ நிறக் கையுறை, துவாய், கத்தரிக்கோல் மூன்றோடும் ஓடி வந்தார். கத்தரிக்கோல் வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை அவரும் ஒருகாலத்தில் மினி வைத்திருந்தாரோ என்னவோ.

காஞ்சிபுரம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த அம்மா எனக்கும் எஞ்சினுக்கும் மேலாகக் குடையைப் பிடித்தார். துடைத்தேன், விரல் நுனிகளை வெட்டினேன், வயர்களைக் கழற்றி விரல்களுக்குள்ளால் இழுத்தேன். திரும்பச் செருகும்போது ஒழுங்கு பிழைத்தால் கார் கிளம்பாது. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. நடு வயர் போக, நாலு பிளக் வயர்களுக்கும் அதுதான் ஒழுங்கு. பின் சீட்டில் அம்மா தேவாரம் பாடினார், முன்னால் நின்று நான் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று பாடினேன். எது பலித்தது என்று தெரியாது, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு பொறி பிடித்தது. ஆனால் பற்றறி களைத்துவிட்டது, முழுதாகக் கிளம்பவில்லை.

“தள்ளுறன் பிள்ளை! நீ விடு!”

சித்தப்பா! பட்டு வேட்டி முழங்காலுக்கு மேல், சால்வை தலையில், லிமோசின் சாரதியையும் இழுத்துக்கொண்டு வந்து மினியின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். இரண்டாவது கியரில் கிளச்சை விட்டேன். கார் துள்ளியது, உறுமியது, ஓடியது! நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ தெரியாது, அதனால் நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவிட்டேன். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தால், சேற்றில் நின்று சித்தப்பாவும் அந்த அம்மாவும் எனக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மண்டப வாசலில் நாதஸ்வரக்காரர், ஆரத்தித் தட்டுகள், வீடியோக்காரர் எல்லோரும் லிமோசினைப் பார்த்து நிற்கிறார்கள். என்னைக் கண்டதும் பெண் வீட்டு அங்கிள் ஒருவர் கையை வீசினார்.

“சாப்பாட்டுக் கேற்றரிங் ஆக்கள் பின்பக்கத்தாலை போங்கோ! இதிலை லிமோசின் வருது!”

நான் எஞ்சினை நிறுத்தவில்லை. கண்ணாடியை ஆறுதலாகக் கீழே இறக்கினேன்.

“லிமோசின் வராது அங்கிள். மாப்பிள்ளை வந்திருக்கிறார்.”

தம்பி நிமிர்ந்தான். ஜன்னலில் முதலில் தெரிந்தது தலைப்பாதான். உடனே நாதஸ்வரம் வெடித்துக் கிளம்பியது. அந்தச் சின்னக் கதவால் மாப்பிள்ளை இறங்கி, சீட்டை மடித்ததும் அம்மா தட்டோடு இறங்கி, கடைசியில் ஆறடித் தோழன் மடிப்பு மடிப்பாக விரிந்து இறங்க, சனம் கைதட்டியது. முகூர்த்தம் தவறவில்லை. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்க, தம்பி தாலி கட்டினான். கையில் எஞ்சின் எண்ணெயோடு நான் அட்சதை போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

அன்று பின்னேரம் வெள்ளம் வடிந்த பிறகு சித்தப்பாவைக் கூட்டிவரப் போனேன். வியட்நாமிய அம்மாவின் வீட்டில் கதிரையில் சாய்ந்து, அந்த அம்மாவின் கணவருடைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குக் கலியாணப் பலகாரமும் நான் நசித்ததற்கு இரண்டு மடங்காக வழியில் வாங்கிய புதினாச் செடியும் கொண்டு போயிருந்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது, மண்டபம் தெரிந்ததும் சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, வாசலுக்கு முன்னாலை கொண்டு போய் விடு. வீடியோக்காரன் நிக்கிறானோ பார்.”

இரவல் காற்சட்டையில் அவர் மினியில் இருந்து இறங்கும் காட்சி இப்போதும் அந்த வீடியோவில் இருக்கிறது. அதில் லிமோசின் ஓர் இடத்திலும் இல்லை. மினி இன்றும் என் வீட்டில்தான் நிற்கிறது, புதிய கையுறையோடு. இந்த ஊரில் என்னைப் பார்த்து வாயாலோ கண்ணாலோ “பின்பக்கத்தாலை போ” என்று சொல்பவர்கள் அதற்குப் பிறகும் வரத்தான் செய்தார்கள். ஆனால் அன்றைய நாளுக்குப் பிறகு நான் ஒரு தடவைகூடப் பின்பக்கம் போனதில்லை, கண்ணாடியை ஆறுதலாகக் கீழே இறக்கி, வந்திருப்பது யார் என்று அவர்களுக்குக் காட்டிவிட்டு முன்வாசலால்தான் போகிறேன்.