டப்பா சொன்னால்தான் நம்புவார்கள்

பட்டறைக்கு வரும் ஓட்டுநர்கள் அவளை ‘டப்பாக்காரம்மா’ என்பார்கள். அந்தப் பெயர் அவளுக்கு அறவே பிடிக்காது. டப்பா என்பது ஸ்கேனர். தடித்த செல்போன் போன்ற அந்தக் கைக்கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகினால், வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் பழுதுகள் எண்களாகத் திரையில் வரும். பதினோரு வருடங்களாக அதை வைத்துக்கொண்டு நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் கோளாறுகளைத் தேடிக் கண்டுபிடிப்பவள் அவள். வேலை செய்வது தன் தலைதான், டப்பா அல்ல என்று இன்றுவரை ஒருவருக்கும் அவளால் புரியவைக்க முடியவில்லை.

எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த பெண்ணுக்கு எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்காத காலத்தில், அக்காவின் கணவர், “சும்மாதானே இருக்கே, பட்டறையில போன் எடுத்துப் பேசு” என்று கூப்பிட்டார். போன் எடுக்க வந்தவள் மூன்றாம் மாதமே பானட்டுக்குள் தலையை விட்டாள்.

“ஏம்மா, கையெல்லாம் கிரீஸ். உங்கக்கா என்னைத்தான் திட்டுவா.”

“கிரீஸ் சோப்பு போட்டா போயிடும் மாமா. நீங்க மாத்திக் குடுத்த ஒயர்தான் பத்திக்கும்.”

அன்றிலிருந்து மாமா அவளுக்கு வைத்த பெயர் ‘வக்கீலம்மா’.

அவள் ஓயாமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. திரையில் வரும் அந்த எண், அதாவது கோட், ஒரு புகார். தீர்ப்பு அல்ல. பக்கத்து வீட்டுக்காரர், “உங்க வீட்டுல ஏதோ சத்தம் கேட்டுது” என்பார். உள்ளே உருட்டியது திருடனா பூனையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்க்க வேண்டியது நாம். ஆனால் மற்றவர்களுக்கு அந்தத் திரை குறி சொல்லும் இடம். எண் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக அந்த பார்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டுவார்கள். விளக்கு மறுபடி எரிந்தால் ஓட்டுகிறவன் சரியில்லை என்பார்கள்.

அப்படித்தான் ‘நிதானம்’ மாட்டினார். மலைமேல் நிற்கும் செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடங்களாக ஓட்டுநர். முந்துகிற சைக்கிளுக்குக்கூட வழிவிடுகிறவர் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவருடைய வண்டி இரண்டரை மாதத்தில் மூன்றாம் முறையாகப் பட்டறைக்கு வந்து நின்றது. மூன்று முறையும் ஒரே கோட்: முன் சக்கரங்களுக்கு இழுவையை அனுப்பும் கிளட்ச் அளவுக்கு மீறிச் சூடாகிறது. முதல் இரண்டு முறையும் கம்பெனி அவருக்கு மெமோ கொடுத்தது. தாறுமாறாக ஓட்டுகிறாராம், அதுவும் நிதானம்! மூன்றாவது மெமோவோடு வேலை போய்விடும்.

போக்குவரத்து மேலாளர் அந்தக் காலையில் வண்டியோடு கூடவே வந்துவிட்டார். கையில் தயாராக ஒரு படிவம். ‘பழுதுக்குக் காரணம்: ஓட்டுநரின் தவறான பயன்பாடு’ என்று முன்பே அடித்திருந்தது. பட்டறையின் முத்திரை விழ வேண்டியதுதான் பாக்கி.

“சார், நான் இன்னும் வண்டியையே தொடலையே” என்றாள் அவள்.

“தொட்டு என்ன ஆகப்போகுது? போன ரெண்டு தடவையும் உங்க மெஷின் சொன்னதுதானே?”

மாமா அவளைத் தனியாக அழைத்துப் போனார். “ஏம்மா, அந்தக் கம்பெனியிலேருந்து பதினாலு வண்டி நமக்கு வருது. கையெழுத்துதானே, போட்டுட்டுப் போ.”

“அவருக்கு வேலை போயிடும் மாமா.”

“அதை அவங்க பாத்துப்பாங்க. நமக்கென்ன?”

“நமக்கென்னவா? முதல் தடவை நான் என்ன பண்ணேன்னு உங்களுக்குத் தெரியாது?”

அவருக்குத் தெரியும். முதல் முறை வண்டி வந்தபோது வாசலில் நான்கு வண்டிகள் காத்திருந்தன. “சீக்கிரம், சீக்கிரம்” என்று அவர் விரட்ட, அவள் கோட் எண்ணை வாசித்த கையோடு அழித்துவிட்டாள். அது பதிவான நொடியில் வண்டி எந்த வேகத்தில், எந்த நிலையில் இருந்தது என்ற குறிப்பும் அந்த எண்ணோடு சேர்ந்து அழியும். அதை எழுதி வைக்காமல் அழிப்பது, காயத்தைப் பார்க்காமல் கட்டுப் போடுவது. இந்தத் தொழிலில் பத்துக்கு ஒன்பது பேர் அன்றாடம் செய்யும் தவறு. அன்று அவளும் செய்தாள். இரண்டாம் முறை கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமாவே டப்பாவைச் சொருகி, கிளட்ச்சைப் புதிதாக மாட்டி அனுப்பிவிட்டார்.

இந்த முறை அவள் எதையும் அழிக்கவில்லை. குறிப்பைத் திறந்தாள். வேகம் அறுபத்திரண்டு. ஸ்டீயரிங் நேர். பிரேக் மிதிக்கப்படவில்லை. தார்ச்சாலையில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டி. இதில் எங்கே இருக்கிறது தாறுமாறு?

“அண்ணே, ஏறுங்க. ஒரு ரவுண்டு போவோம்” என்றாள்.

நிதானம் தயங்கினார். “எதுக்கு தங்கச்சி வம்பு? எழுதுறதை எழுதிடுங்க. என் தலையெழுத்து.”

“தலையெழுத்தா! வண்டியில என்ன கோளாறுன்னு பாக்காம நெத்தியைப் பாத்துட்டு உக்காரச் சொல்றீங்களா? ஏறுங்கண்ணே!”

நேரான சாலையில் அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் பார்த்தாள். இருபதில் போனபோது முன்சக்கரம் இரண்டும் இருபது காட்டின; பின்சக்கரம் இரண்டும் பத்தொன்பது. நாற்பதில் முன்னால் நாற்பது, பின்னால் முப்பத்தெட்டு. அறுபதில் ஐம்பத்தேழு. சேற்றில் சறுக்கினால் வித்தியாசம் வரும், போகும். இது வந்து குடியேறிவிட்ட வித்தியாசம்.

“வண்டியை ஓரமா நிறுத்துங்க” என்றாள். இறங்கிப் போய்ப் பின் டயரின் பக்கவாட்டில் இருந்த அளவைப் படித்தாள். முன் டயருக்குப் போய் அதையும் படித்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

“பின் டயர் ரெண்டும் எப்ப மாத்துனது?”

“மூணு மாசம் இருக்கும். ஸ்டோர்ல வேற மாடல் வண்டிக்கு வாங்குனது கிடந்துச்சு. அன்னைக்கே சொன்னேன் தங்கச்சி, ‘இது கொஞ்சம் உசரமா இருக்கே’ன்னு. ‘போல்ட் ஓட்டை பொருந்துதுல்ல? ஓட்டு’ன்னுட்டாங்க.”

“அதை எழுதிக் குடுத்திருக்கலாமே?”

“எழுதுனா எதிர்த்துப் பேசுறான்னு தனியா ஒரு மெமோ வரும்.”

உயரமான சக்கரம் மெதுவாகச் சுற்றும். பின்சக்கரம் மெதுவாக, முன்சக்கரம் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்த வண்டியின் கம்ப்யூட்டர், ஏதோ சறுக்குகிறது என்று நினைத்துக் கிளட்ச்சை இறுக்கும். காய்ந்த சாலையிலும் இறுக்கும், நாள் முழுக்க இறுக்கும். சூடாகாமல் என்ன செய்யும்? ஸ்டோரில் எவனோ கண்ணை மூடிக்கொண்டு மாட்டியதற்கு, கண்ணைத் திறந்து ஓட்டியவருக்கு மெமோ.

பட்டறைக்குத் திரும்பியதும் சாக்பீஸும் அளவு டேப்பும் எடுத்தாள். முன் டயரில் ஒரு கோடு, அதற்கு நேர்கீழே தரையில் ஒரு கோடு. வண்டியை ஒரு முழுச் சுற்றுத் தள்ளச் செய்து மறுபடி தரையில் ஒரு கோடு. இருநூற்று இருபத்தேழு சென்டிமீட்டர். பின் டயருக்கும் அதேபோல. இருநூற்று முப்பத்தொன்பது.

“பாருங்க சார். உங்க கண்ணு முன்னாடிதான் அளந்தேன். டயரை மாத்துனா கிளட்ச் சூடாகாது. டிரைவர் மேல தப்பே இல்ல.”

மேலாளர் தரையில் இருந்த கோடுகளைப் பார்த்தார். “அதெல்லாம் சரிம்மா. ஆனா சாக்பீஸ் கோட்டையெல்லாம் ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. மெஷின் ரிப்போர்ட் இருக்கணும்.”

“நீங்களே குனிஞ்சு அளந்து பாருங்க! டேப் உங்ககிட்ட பொய் சொல்லுமா?”

“எனக்குப் புரியுது. மெஷின் சொன்னாத்தான் அவங்க நம்புவாங்க.”

அவள் ஸ்கேனரைக் கையில் எடுத்தாள். அதன் அறிக்கையில், கோட் எண்ணுக்குக் கீழே, பரிசோதிப்பவர் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. அங்கே கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்தாள். பின் டயர் இரண்டும் தவறான அளவு. முன்சக்கரச் சுற்று 227 செமீ, பின்சக்கரச் சுற்று 239 செமீ. ஓட்டுநர் தவறு இல்லை.

“‘செமீ’ன்னு போடாதீங்க, ‘சென்டிமீட்டர்’னு முழுசாப் போடுங்க” என்று தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த மேலாளர் திருத்தினார்.

இன்னும் ஒரு வரி சேர்த்தாள். ‘முதல் முறை பழுதுக் குறிப்பைப் பதிவு செய்யாமல் அழித்தது பட்டறையின் தவறு.’

மாமா பதறினார். “நம்ம தப்பை நாமளே எழுதிக் குடுக்கணுமா, வக்கீலம்மா?”

“நம்ம தப்புக்கும் சேத்து அவர் ரெண்டு மெமோ வாங்கியிருக்கார் மாமா. முத்திரையைக் குடுங்க.”

அவர் ஒரு நிமிடம் அவளையே முறைத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, மை ஒற்றி, அவரே குத்தினார். கொஞ்சம் பலமாகவே குத்தினார்.

பிரிண்டர் கக்கிய தாளை மேலாளர் இரண்டு கையாலும் வாங்கி வாசித்தார். முகம் தெளிந்தது. “இப்ப பாருங்க, மெஷினே சொல்லிடுச்சு. இதை அனுப்புனா பழைய ரெண்டு மெமோவும் வாபஸ் ஆயிடும்.” கையில் இருந்த படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “ஸ்டோர்காரனுக்குத்தான் ஒரு மெமோ போடணும்.”

“ஸ்டோர்ல இருக்கிறதையே மாட்டச் சொல்லிக் கையெழுத்து போட்டது யாரு சார்?”

அவருக்கு அவசரமாக ஒரு போன் பேச வேண்டியிருந்தது. வாசலுக்குப் போய்விட்டார்.

நிதானம் அந்தத் தாளின் நகலைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மேசையருகே வந்து, ஸ்கேனரின் முதுகில் பசுவைத் தடவுவது போல இரண்டு தடவு தடவினார்.

“இந்த டப்பா நல்லா இருக்கணும் தங்கச்சி. என் பொழப்பைக் காப்பாத்திடுச்சு.”

அவள் வெடுக்கென்று அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“போய் டயரை மாத்துங்கண்ணே!”