நல்ல தண்ணீரில் கிடந்த நண்டுகள்

கண் மடக்காத நண்டு எங்கள் வீட்டில் சட்டிக்குப் போகாது. அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கி ஈர்க்கு நுனியால் கண்ணைத் தொடுவார். உள்ளே இழுத்தால் உயிர் இருக்கிறது. இழுக்காவிட்டால் தென்னைக்கு உரம்.

அறுபதுகளில் ஊர்காவற்றுறையில் இருந்தோம். தங்கச்சிக்கு மண்டைதீவில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை பகுதி முதன்முறையாகச் சாப்பிட வரும் நாளுக்கு முந்தின காலை, கண்டல் பற்றைக்குள் நல்ல சேற்று நண்டாகப் பிடித்து வந்தேன். வலையில் பட்ட நீலக்கால் நண்டும் மூன்று இருந்தன. எல்லாவற்றின் கால்களையும் கட்டி, கடல் தண்ணீர் நிரப்பிய கிடாரத்தில் விட்டுவிட்டு வலை காயப்போடப் போனேன்.

மனைவி வலிகாமத்துக்காரி, வந்து சில மாதம்தான். அவளுடைய ஊரில் துலாவை இழுத்தால் இனித்த தண்ணீர் வரும். எங்கள் வளவுக் கிணறோ ஆடி பிறந்தால் உவர்த்துப்போகும். குடிக்கிற தண்ணீருக்குக் கோயிலடிக்குத்தான் குடம் தூக்க வேண்டும். அந்த வரிசையில் நடந்த சண்டைகளைச் சொன்னால் பொழுது பட்டுவிடும். கிடாரத்துத் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறதென்று அவள் அதை வெளியே ஊற்றிவிட்டு, அந்தக் கோயிலடிக் குடத்துத் தண்ணீரை வார்த்துவிட்டாள்.

மத்தியானம் நான் வந்தபோது நீலக்கால் நண்டு மூன்றும் செத்துக் கிடந்தன. அம்மா குசினி வாசலில் நின்றார்.

"எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை. மருமகள் நண்டுக்கு முழுக்காட்டியிருக்கிறா."

"கலங்கிக் கிடந்தது மாமி. பாவமெண்டு மாத்தினனான்."

"நாளைக்கு வாற சனத்துக்கும் அதையே சொல்லு. பாவமெண்டு வெறுஞ் சோறு தின்னட்டும்."

சேற்று நண்டுகள் அசையவில்லை. ஒன்றைத் தூக்கிக் கண்ணைத் தொட்டேன். மெல்ல மடக்கியது. திரும்பவும் ஒரேயடியாகக் கடல் தண்ணீரில் போட எனக்கு மனம் வரவில்லை. கடல் தண்ணீரைச் செம்பு செம்பாகக் கலந்தேன். பின்னேரம் முழுக்க மனைவிதான் கரையிலிருந்து வாளி சுமந்தாள்.

மாரி வெள்ளம் இறங்கி வாய்க்கால் தண்ணீர் நாக்குக்கு இனிக்கும் நாட்களிலும் சேற்று நண்டு அங்கேயே நிற்பதைக் கண்டிருக்கிறேன். காரணத்தைப் பிறகொரு நாள் ஒரு மீன்பிடி உத்தியோகத்தர் சொன்னார். நல்ல தண்ணீர் நண்டின் உடம்புக்குள் புகப் பார்க்குமாம்; உள்ளேயிருக்கிற உப்பு வெளியேறப் பார்க்குமாம். நண்டு மிஞ்சின தண்ணீரைக் கண்ணுக்குக் கீழேயுள்ள சின்னத் துளையால் பெய்து தள்ளும். வெளித்தண்ணீரில் கிடக்கிற சொற்ப உப்பையும் செவுளால் இழுத்து இரத்தத்தில் சேர்க்கும். நீலக்கால் நண்டுக்கு அந்த வலு குறைவாம். முகத்தால் மூத்திரம் பெய்து உயிர் காக்கிற பிராணியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். கடல் மாறி ஆறாகிப் போனாலும் உடம்புக்குள் தன் கடலை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறதே.

விருந்தன்று விடிய அம்மா ஈர்க்கோடு குந்தினார். மனைவி கதவோடு ஒட்டி நின்றாள். முதலாவது மடக்கியது. அடுத்ததும் மடக்கியது. கடைசி நண்டு ஈர்க்கு படுமுன்பே கண்ணை இழுத்துக்கொண்டது.

"என்னை அறிஞ்சிட்டுது," என்றார் அம்மா.

பந்தியில் மாப்பிள்ளையின் தாய் கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். "நல்ல சதை. ஆர் தம்பி, நீரே பிடிச்சனீர்?"

நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "பிடிச்சது இவன். காப்பாத்தினது எங்கடை மருமகள்."

பஸ் ஏறுமுன் அவர்கள் கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டார்கள். மனைவி அன்று முதன்முறையாக அம்மாவோடு ஒரே தட்டில் சோறு தின்றாள்.