தம்பிக்கு மூத்திரம் பிடித்தவள்

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவர்கள் உண்டு, ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவர்களும் உண்டு. தறியை நிறுத்த வைத்து மூத்திரம் பிடித்தவள் நான் ஒருத்திதான்.

அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து மாதம். அவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. உடம்பும் தேறவில்லை. கருமத்தம்பட்டி டாக்டரம்மா மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொடுத்து, மூத்திரம் எதிலும் படாமல் நேராக அதில் விழவேண்டும், பார்த்த பிறகுதான் மருந்து என்று சொல்லிவிட்டார்.

அம்மா காலையெல்லாம் டப்பாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் அசந்த நேரம் பார்த்து அவன் துணியிலேயே போய்விட்டான். அத்தை கெட்டிக்காரி; நனைந்த துணியைப் பிழிந்து டப்பாவில் ஊற்றி அனுப்பினாள். லேபில் திட்டு வாங்கியது அப்பா. புது டப்பாவோடு திரும்பி வந்தார், சாயங்காலத்துக்குள் வேண்டுமாம்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் எங்களுக்கு எட்டுத் தறி. அந்தச் சத்தத்தில்தான் தம்பி தூங்குவான். கரண்ட் போய்த் தறி நின்றால் விழித்துக்கொள்வான், விழித்தவுடன் போவான். இதைக் கவனித்தவள் நான் மட்டும்தான்.

"அப்பா, தறிய நிறுத்துங்க. நான் புடிச்சுத் தாரேன்."

"தீபாவளி ஆர்டர் ஓடுது, வெளையாடறதுக்கு இதா நேரம் அம்மணி?" என்றாள் அத்தை.

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போனார். எட்டுத் தறியும் நின்றன. தம்பி கண்ணைத் திறந்தான், நான் டப்பாவை நீட்டினேன். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை.

பைக்கில் அப்பாவோடு நானே கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன்.

"அட, யாரு புடிச்சது?" என்றார் டாக்டரம்மா.

"நாந்தானுங்க! கஷ்டமே இல்லீங்க. மத்த பாப்பாவாட்டம் பீச்சியடிக்க மாட்டானுங்க. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாத்தான் உடுவான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொருக்கா சொல்லு கண்ணு."

இன்னும் சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கே கோயமுத்தூருக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். பிறவியிலேயே ஒரு சவ்வு அவன் மூத்திரப் பாதையை அடைத்திருந்ததும், சிறுநீரகங்கள் வீங்கத் தொடங்கியிருந்ததும் அங்கே ஸ்கேனில் தெரிந்தது. சவ்வை எடுத்தார்கள். தம்பி இன்று கல்லூரியில் படிக்கிறான். வருடம் தவறாமல் பரிசோதனைக்குப் போய்வருகிறான்.

அன்று எனக்கு என்ன தெரியும்? அடம்பிடித்துக் கோயமுத்தூர் போன காரில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு வழியெல்லாம் அழுதாள். இவ்வளவு நன்றாகப் பிடித்துக் கொடுத்தும் ஏன் அழுகிறாள் என்று எனக்கு ஒரே கோபம்.