என் பட்டத்துக்கு ஊரே பங்கருக்குள் ஓடியது

பட்டக் காலம் வந்துவிட்டது. ஆளாளுக்குப் படம் போடுகிறீர்கள். நல்ல பட்டங்கள்.

என்னிடம் படம் இல்லை. வெட்கம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் போடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்து அரியாலை. கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. காற்று மட்டும் தாராளமாக இருந்தது. (அதற்குத் தடை போட யாருக்கும் தோன்றவில்லை.)

நானும் நண்பன் ரவியும் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு கொக்குப்பட்டம் கட்டினோம்.

ரவி அவசரக்காரன். நான் அப்படியில்லை. மூங்கில் சிலாகையை இரண்டு பக்கமும் விரலில் வைத்து நிறை பார்த்தேன். பட்டத்தின் நெஞ்சில் கட்டும் முச்சைக் கயிற்றின் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தேன். கயிற்றை முழுதாக விரித்து, தேய்ந்த இடத்தை வெட்டி மறுபடி முடிந்தேன். வாலின் நீளத்தை மூன்று தரம் மாற்றினேன்.

"மச்சான், நீ பட்டம் விடப்போறியோ, இல்லை அதுக்குக் கலியாணம் பேசப்போறியோ?" என்றான் ரவி.

"அறுந்து ஆரின்ரையும் தலையிலை விழுந்தால் நீயே பதில் சொல்லுவாய்?"

எல்லாம் பார்த்தேன். ஒன்றைத் தவிர.

விண். பட்டத்தின் தலையில் வில்லைப் போல வளைத்துக் கட்டும் நாடா. காற்றுப் பட்டதும் அதிர்ந்து கூவும். விண் இல்லாத பட்டம் எங்கள் ஊரில் ஊமைப் பிள்ளை மாதிரி. ஆனால் குண்டுவீச்சுத் தொடங்கிய பிறகு பெடியள் பெரிய விண் பூட்டுவதைத் தாங்களாகவே விட்டிருந்தார்கள். ஒருவரும் சட்டம் போடவில்லை. எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

எனக்கு விளங்கவில்லை. அல்லது விளங்கியும் ஆசை விடவில்லை. பொதி கட்டி வந்த அகல பிளாஸ்டிக் நாடா கிடைத்தது. அதைப் பூட்டினேன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த வெளியில் ஏற்றினோம். வாடைக்காற்று தூக்கிக்கொண்டு போனது. கயிற்றைப் பனையில் கட்டினோம். ஊர் வழக்கம் அது. கட்டிவிட்டால் விடியும் மட்டும் நிற்கும்.

சிறிது நேரத்தில் காற்று திரும்பியது. பட்டம் வீடுகளுக்கு மேலே போய் நின்றது. விண்ணின் குரலும் மாறியது. கூவல் இல்லை. தூரத்தில் கனமான விமானம் வரும்போது கேட்குமே, அந்த உறுமல்.

"பொம்மர் வருகுது, ஓடுங்கோ" என்று யாரோ கத்தினார்கள்.

ரவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், உன்ரை பட்டத்துக்குச் சனம் பங்கருக்கை பாயுது."

நானும் சிரித்தேன். ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு வேலிப் பொட்டுக்குள்ளால் எங்கள் வளவைப் பார்த்தேன்.

பங்கர் என்ற எங்கள் பதுங்குகுழியின் வாசலில் ஐயா, என் அப்பா, குனிந்து நின்றார். உள்ளே அம்மாவும் தங்கச்சியும். பக்கத்தில் சாக்கால் மூடிய, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் எங்கள் இறைப்பு மெசின். மெசினுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று ஐயா அதை முதலே உள்ளே இறக்கி வைத்திருந்தார்.

வாசலுக்கு வெளியே மலர் அக்கா. பின் ஒழுங்கையில் இருப்பவ. கையில் குழந்தை.

"ஐயா, பிள்ளையோடை வந்திட்டன். ஒரு ஓரத்திலை குந்துறன்."

"இடமில்லைப் பிள்ளை. அங்காலை போ, கெதியாப் போ."

"ஐயா..."

"சொன்னால் விளங்காதே? இடமில்லை."

ஏன் இடமில்லை என்று ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மலர் அக்காவின் புருசன் கள் இறக்குகிறவர். அந்தப் பங்கரைத் தோண்டியவரும் அவர்தான். மேலே அடுக்கிய பனங்குத்திகளைத் தறித்துத் தோளில் சுமந்து வந்தவரும் அவர்தான். (மெசினுக்குச் சாதி இல்லை. அதனால் உள்ளே விட்டார்கள்.)

நான் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஐயா என்னைக் கண்டார்.

"டேய், ஓடி வா. கெதியா உள்ளுக்கை இறங்கு, இடம் கிடக்கு."

மலர் அக்கா அவரைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"பொம்மர் இல்லை ஐயா," என்றேன். "அது என்ரை பட்டம்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். பட்டம் அழகாக ஆடிக்கொண்டு நின்றது. நிறை சரி, முச்சை சரி, வால் சரி.

ஐயா மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து என் கன்னத்தில் அறைந்தார். அயல் முழுக்க வேலியில் நின்று என்னைத் திட்டியது. சரியான திட்டுத்தான். அப்போதுதான் சனம் உயிரைக் கையில் பிடித்து ஓடியிருந்தது.

ஆனால் பங்கர் வாசலைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. நானும்தான்.

மலர் அக்கா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினா. "தம்பி, அதை இறக்கிப் போடும். பிள்ளை நித்திரை கொள்ளோணும்," என்றுவிட்டுப் போனா.

இறக்கினேன். விண்ணை முறித்து அடுப்பில் போட்டேன். அத்தோடு கணக்குத் தீர்ந்ததென்று நினைத்தேன்.

அந்தக் கிழமையே உண்மையான பொம்மர் வந்தது.

மலர் அக்கா எங்கள் படலைப் பக்கமே வரவில்லை. குழந்தையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒழுங்கையோரத் தண்ணீர்க் கானுக்குள் குப்புறப் படுத்துக் கிடந்தா. அவவின் சேலைத் தலைப்பு வேலிக்குக் கீழால் தெரிந்தது.

குண்டு தூரத்தில் எங்கோ விழுந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

சேலைத் தலைப்பை நான் எங்கிருந்து பார்த்தேன் என்று கேட்பீர்கள்.

பங்கருக்குள் இருந்து. மெசினுக்குப் பக்கத்தில், எனக்கென்று விட்ட இடத்தில்.

வாய் திறந்து "அக்கா, வாங்கோ" என்று கூப்பிட்டிருக்கலாம். ஐயா இன்னொரு அறை அறைந்திருப்பார். அவ்வளவுதான்.

அதனால் இந்த வருடம் பட்டம் ஏற்றும் தம்பிமாரே, முச்சையைப் பாருங்கள், கயிற்றைப் பாருங்கள். வீட்டுக் கூரைகளுக்கு மேலே விடாதீர்கள். கட்டிவிட்டுப் போகாதீர்கள்.

அந்தக் காலத்தைப் பற்றி "நாங்கள் எல்லாரும் ஒன்றாக நின்றோம்" என்று இங்கே எழுதும் அண்ணைமாரிடம் ஒரே ஒரு கேள்வி.

எங்கள் பங்கரில் மெசினுக்கு இடம் இருந்தது. உங்களுடையதில்?