பாக்கியக்கா தட்டிவிட்ட சிகரெட்

பாக்கியக்கா போய்விட்டார். இன்று காலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், தூக்கத்திலேயே...

அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கும் தொண்ணூறு தாண்டிவிட்டது, போனில் ஒரே விரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் லா.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் கிள்ளானில் ஒரு கேஸ் கம்பெனியில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய கம்பெனி. ஜப்பான்காரன் போர்டை மாற்றி மறுபடி ஓட்டினான். ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதால், பெண்களான எங்களை வேலைக்குச் சேர்த்தார்கள்.

கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் கேஸ் வரும். அதைச் சிலிண்டரில் அடைத்து, வெல்டிங் வேலைக்கு ரயில்வே பட்டறைக்கு அனுப்புவோம். பூண்டு அழுகியது போல ஒரு நாற்றம்... சோறு தொண்டையில் இறங்காது.

யார்டுக்குள் யார் சிகரெட் எடுத்தாலும் அக்கா வாயிலிருந்தே தட்டிவிடுவார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தாலும் சரி. "சாகணும்னா ஆத்துல போய் விழு, எங்கள ஏன்யா இழுக்கற?" இதுதான் அவருடைய குட் மார்னிங்.

ஒரு மத்தியானம் சோல்ஜர்கள் லோரியில் வந்து இறங்கினார்கள். சயாமுக்கு ஆள் பிடிக்க.

அக்காவின் தம்பி முத்து அன்றைக்குப் பார்த்து அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தான். காலியான கார்பைடு டிரம் ஒன்றில் அவனை இறக்கி, மூடியைச் சாய்த்து வைத்தோம். உள்ளே ஒட்டியிருந்த தூளைத் துடைக்க ஏது நேரம்?

கொளுத்தும் வெயில். அவனுக்கு வியர்த்திருக்கும்... அந்த ஈரமே போதும். டிரம்மிலிருந்து பூண்டு நாற்றம் மெல்ல வந்தது.

ஒரு சோல்ஜர் அதே டிரம்மில் சாய்ந்து நின்றான். வாயில் சிகரெட். தீப்பெட்டியைத் திறந்தான்...

அக்கா ஒரே பாய்ச்சல், ஒரே தட்டு. சிகரெட்டும் தீப்பெட்டியும் மண்ணில் கிடந்தன.

"ஆப்பி! கேஸ்! மாத்தி செமுவா!" நெருப்புப் பட்டால் எல்லாரும் செத்தோம் என்று மலாயில் கத்தினார்.

அவன் அறைந்தான் பாருங்கள், பாவி! அக்கா சுருண்டு விழுந்தார், இடது காதில் இரத்தம். டிரம்முக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

அவர்களோடு வந்த சார்ஜன்ட் வரிசையாக நின்ற சிலிண்டர்களைப் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினான். சோல்ஜர்கள் எல்லாரும் ஏறினார்கள், லோரி கிளம்பியது.

முத்துவை வெளியே இழுத்தோம். தோல் வெந்து, கண் சிவந்து, இருமி இருமி... வாயைத் திறந்ததும் என்ன கேட்டான் தெரியுமா? "அக்கா, அவன் போட்ட சிகரெட்டு எங்க?"

சோல்ஜர் கொடுத்ததைவிடப் பலமான அறை அவனுக்கு விழுந்தது. பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அக்கா அழுத அழுகை இருக்கிறதே...

முத்து சயாமுக்குப் போகவில்லை. அவனுடைய பேரன்கள்தான் இப்போது வாசலில் நிற்கிறார்கள், அக்காவைத் தூக்க.

அந்த இடது காது கடைசி வரை கேட்கவில்லை. இத்தனை வருஷமும் நான் அவருக்கு வலது பக்கம்தான் உட்காருவேன்.

இன்றும் அந்தப் பக்கமே போய்க் குனிந்தேன். "போய்ட்டு வாங்கக்கா."