சான்பிரான்சிஸ்கோ எத்தனை மணி நேரம்?

டிக்கெட் போடும் தொழிலில் ஒரு கொடுமை உண்டு: ஊரையெல்லாம் வழியனுப்பி வைப்போம், நாம் மட்டும் கடையைவிட்டு நகர மாட்டோம். பெரம்பலூரில் பதினெட்டு வருஷமாக விமான டிக்கெட் போடுகிறேன். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

போகும்போது ஒரு நாள்

விக்கிரமங்கலத்து விவசாயி ஒருவர் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பினார். டிக்கெட்டில் காலை ஒன்பதுக்குச் சென்னை, அதே தேதி இரவு ஒன்பதரைக்கு சான்பிரான்சிஸ்கோ என்று இருந்தது. "பன்னெண்டரை மணி நேரந்தானா? ஒரு வேளைக்குப் புளிசோறு போதும்" என்றார். அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள், துபாயில் மாறிப் போய்ச் சேர மொத்தம் இருபத்தைந்து மணி நேரம் என்று விளக்கினேன்.

தலையாட்டினார். ஆனால் திரும்பும் தேதியில் விரல் நின்றுவிட்டது. ஞாயிறு கிளம்பினால் செவ்வாய்தான் சென்னை. அதற்கும் கணக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"விடுங்க சார், புள்ளைய விட்டுட்டு வர்றதுன்னா அப்படித்தான் ரெண்டு நாளாகும்."

ராகு காலம்

சிறுவாச்சூரில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், சான்பிரான்சிஸ்கோவிலேயே இருக்கும் தன் மகளிடம் போக வந்தார். டிக்கெட்டை அம்மன் காலடியில் வைத்து எடுக்க வேண்டும். கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், அதனால் வியாழனே கையில் வேண்டும் என்றார். வழியில் ராகு காலமும் வரக்கூடாதாம். இருபத்தைந்து மணி நேரத்தில் எப்படியும் ஒன்று வந்தே தீரும் என்றேன்.

"உங்க பொண்ணும் அங்கதான இருக்கு, நீங்க போனப்ப எப்படி நேரம் பாத்தீங்க?" என்று கேட்டார். அவள் போய் ஆறு வருஷமாகிறது, நான் இன்னும் போகவில்லை, கடையை யார் பார்ப்பது என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராகு காலம் ஒன்றரை மணி நேரத்துல போயிடும் சார், உங்களுக்கு ஆறு வருஷமா போகலயே!"

எதிர் நாற்காலி

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடை ஒரு சாக்கு. எல்லாருக்கும் ஜன்னலோர சீட் பிடித்துத் தரும் எனக்கு விமானம் என்றாலே பயம். விசா குத்திய என் பாஸ்போர்ட்டும் மனைவியின் பாஸ்போர்ட்டும் மேஜை டிராயரிலேயே கிடந்தன. மகளை நினைக்காத நாள் கிடையாது. இப்போது அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வர வேண்டியவள், மாதம் ஏறிவிட்டதால் விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வாரம் என் மனைவி வசந்தா கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் பிரசவ லேகிய டப்பா. "சார், சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்?" என்றாள். பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்னது: சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டர், இருபத்தைந்து மணி நேரம். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"இருபத்தஞ்சு மணி நேரந்தானே? ஆறு வருஷமா நாம இன்னும் பெரம்பலூரையே தாண்டலையேங்க."

அன்றைக்கே இரண்டு பேருக்கும் போட்டுவிட்டேன். இரண்டாவதாக என் பெயரை அடிக்கும்போது இரண்டு தடவை எழுத்துப்பிழை விட்டதைத் தவிர, பதினெட்டு வருஷத்தில் நான் போட்ட மிகச் சுலபமான டிக்கெட் அதுதான்.