செங் பிரஸ்ஸும் என் அரை அம்புகளும்

எங்கள் தொழிலில் இயந்திரத்தைத் தொடவே வேண்டாம், வம்பெல்லாம் அதனால்தான். இயந்திரத்துக்குள் சக்தி எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அரை அம்புகளாகக் கம்ப்யூட்டரில் வரைவோம். அதற்கு பாண்ட் கிராஃப் என்று பெயர். வரைந்து முடித்ததும் மென்பொருள் அதை ஓட்டிக் காட்டும், இல்லாவிட்டால் சிவப்பெழுத்தில் திட்டும். கம்ப்யூட்டரிடம் திட்டு வாங்கிப் பிழைக்கும் எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு மாடியறைதான் என் அலுவலகம். மானிட்டர் அரிசி மூட்டை கனம். ஒரு முறை, செங் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் ரப்பர் ஃபேக்டரி ஒன்றிலிருந்து வேலை வந்தது. அங்கே ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸ் அடிக்கடி வெடித்தது. ஃபிட்டர் செல்வம் சரியாக மாட்டவில்லை என்று அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாயிற்று. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். தப்பு இயந்திரத்திலா, ஆளிலா என்று என் படம் சொல்ல வேண்டும்.

மீனா அக்காவின் நம்பர்

கீழ்வீட்டு மீனா அக்கா மலாக்கா செட்டி வம்சம். பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மனை, பேச்சு மட்டும் மலாய். பலகாரம் கொடுக்க மாடிக்கு வந்தவர் என் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். எங்கள் படத்தில் அழுத்தம் ஒன்றாக இருக்கும் சந்திப்புக்கு 0, ஓட்டம் ஒன்றாக இருக்கும் சந்திப்புக்கு 1 என்று போடுவோம். இடமிருந்து வலமாக 1, 0, 1, 1 என்று இருந்ததை அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நேராக நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போனார். அது நம்பர் இல்லை அக்கா என்று நான் சொன்னதை, நல்ல நம்பரை ஒளிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பலகாரம் இல்லாமல் வந்தார். மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “ஒண்ணும் அடிக்கல. உன் படம் தப்பு, மறுபடி வரை.”

கரண்ட் வேண்டாத இயந்திரம்

ஃபேக்டரி மேனேஜர் திரு. லிம் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். நானும் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். திரையில் பம்ப்பை நிறுத்தினேன். பிரஸ் நிற்கவில்லை. நிற்காததோடு, வேகம் ஏறிக்கொண்டே போனது.

உராய்வுக்குப் போக வேண்டிய அரை அம்பைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். சக்தியைத் தின்ன வேண்டிய உராய்வு, இயந்திரத்துக்குச் சக்தியை ஊட்டிக்கொண்டிருந்தது. இது எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் தப்புதான், ஆனால் வாடிக்கையாளர் எதிரில் செய்ய மாட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. லிம் தேத்தண்ணியை முழுக்கக் குடித்து முடித்து, மலாயில் நிதானமாகச் சொன்னார்: “இதையே செஞ்சு குடுங்க. நான் பம்ப வித்துடறேன்.”

அமைதியான கோடு

அம்பைத் திருப்பிப் போட்டதும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அழுத்தக் கோடு எங்கேயும் துள்ளாமல் அழகாக ஏறி இறங்கியது. அந்த மகிழ்ச்சியில், “முறையாக மாட்டினால் ஹோஸ் வெடிக்கக் காரணமே இல்லை” என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. நான் எழுதியது செல்வத்தின் இரண்டாவது கடிதம். முகம் பார்க்காத மனிதர். ஆனாலும் அன்றைக்கு அந்த வரியை மூன்று தடவை திரும்பப் படித்தேன்.

மறுநாள் லிம் போன் செய்தார்: “ரிப்போர்ட் ரொம்பத் தெளிவு. மெர்டேக்கா சுதந்திர நாள் லீவு முடிஞ்சதும் அவனுக்கு லெட்டர் குடுத்துடறேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம்

ரிப்போர்ட் செய்தி ஃபேக்டரியில் கசிந்து, அன்று சாயங்காலமே செல்வம் மோட்டாரில் வந்து இறங்கினார். என்னைவிட இளையவர். சண்டைக்கு வரவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, “நான் என்ன தப்பா மாட்டினேன்னு அந்தப் படத்துல காட்டுங்கக்கா” என்றார். பம்ப், பைப், ஹோஸ், வால்வு, பிரஸ் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். உராய்வுக்கு ஆர் என்று போடுவோம், எடைக்கு ஐ என்று போடுவோம் என்றும் சொன்னேன்.

“பைப்புக்கு ஆர் மட்டும் இருக்கு. உள்ள இருக்கிற எண்ணெயோட எடை எங்கக்கா?”

“பம்ப் பிரஸ் பக்கத்துலயே இருக்கே செல்வம். ஃபேக்டரி குடுத்த பிளான்ல ரொம்பக் குட்டி பைப்பு. அத விட்டுடலாம்.”

அவர் அப்போதுதான் சிரித்தார். “சத்தம் தாங்கலன்னு பம்ப சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கி வெச்சு மூணு வருசமாச்சு. பைப்பு கூரை வரைக்கும் ஏறி எறங்குது. வால்வு மூடும்போது கைய வெச்சா துள்றது தெரியும்.” பிறகு கேட்டார்: “நீங்க பேக்டரிக்கு வந்ததே இல்லையாக்கா?”

இரண்டு தாள்கள்

பைப்புக்கு ஒரே ஒரு ஐ சேர்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் அவ்வளவு எண்ணெயும் வால்வு பட்டென்று மூடியதும் ஹோஸில் போய் மோதியது. அமைதியாக இருந்த கோடு ஹோஸ் தாங்கும் அளவைத் தாண்டிப் பாய்ந்தது. செல்வம் அதைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் நானே செங்குக்குப் போனேன். காரில் அரை மணி நேரம்கூட இல்லை, அதுதான் வெட்கம். லிம்மின் மேசையில் பழைய கோடும் புதுக் கோடும் இருந்த இரண்டு தாள்களை வைத்து, “முதல் ரிப்போர்ட் என் தப்பு. செல்வம் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்” என்றேன். லிம் ஃபைலைத் திறந்து, பழைய எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துப் போட்டார். பிறகு, கம்ப்யூட்டருக்கு இது ஏன் முதலிலேயே தெரியவில்லை என்று கேட்டார்.

லிம் கூப்பிட்டிருந்த செல்வமும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் என்னை ஒரு வழி பண்ணியிருக்கலாம்.

“கம்ப்யூட்டர் நல்லாத்தான் வேல செஞ்சிச்சு பாஸ். அக்காவுக்குத்தான் செங்குக்கு வழி தெரியல.”

வால்வை மெதுவாக மூட வைத்ததும் ஹோஸ் வெடிப்பது நின்றுவிட்டது, செல்வம் இன்னும் அங்கேதான் இருக்கிறார், ஆனால் என் படம் தப்பு என்று முதலில் கண்டுபிடித்தவர் மீனா அக்காதான் என்பதை மட்டும் நான் அந்த அக்காவிடமே சொல்லவில்லை, சொன்னால் வாரா வாரம் நம்பர் கேட்டு மாடியேறிவிடுவார்.